பித்தளைப் படகில் ஏழு பேர்

புருஷன் மீன் பிடிக்கப் போன போட்டைக் காணோம் என்று சேதி வந்த மறுநாள் காலையில், என் தம்பி பொண்டாட்டி யசோதரா சால்ட்ரிங் ராடை பிளக்கில் சொருகிவிட்டு, அது சூடாகும் வரைக்கும் சன்னலோரம் உட்கார்ந்து பித்தளைக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தாள். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. தெரு முழுக்க ஒப்பாரி. போட்டு டிரைவர் கோதண்டத்தின் பெண்டாட்டி வரலட்சுமி மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் என்னடாவென்றால் ஈயம் உருக்க உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற?"

"போட்டு பண்றேன் அண்ணி," என்றாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வராது என்று என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் நான். செல்லம்மா வாயைத் திறந்தால் எதிர்க்கடைக்காரி தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பாள். அப்படிப்பட்டவள் வாசற்படியிலேயே பேஸ்தடித்துப் போய் நின்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் குப்பத்து எல்லையம்மன் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். உத்திரத்தில் சின்னச் சின்னப் படகுகள் தொங்கும். போனது போனதுதான் என்று தலைமுழுகிய போட்டு திரும்பி வந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர்கள் வண்ணாரப்பேட்டைக்குப் போய் தகரத்தில் ஒரு படகு செய்து வாங்குவார்கள். திரும்பி வந்த ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பொம்மைகளை அதில் நிறுத்தி அம்மனுக்குக் கட்டுவார்கள். வந்த பிறகுதான் கட்டுவார்கள். வருவதற்கு முன்னால் எவளாவது செய்வாளா? யாரை நிறுத்துவாய், யாரை விடுவாய்?

இதை அவளிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"உங்க அம்மன் சமாச்சாரம்லாம் எனக்குத் தெரியாது அண்ணி. கை சும்மா கீது. சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். செஞ்சு வெக்கிறேன். அவரு வந்தா நீங்க கட்டுங்க."

வெட்டிய கம்பித்துண்டு ஒன்று தரையில் உருண்டு வந்து என் காலில் பட்டது.

யசோதரா எங்கள் குப்பத்துப் பெண் இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அவள் அப்பா பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வீட்டில் புத்தர் படத்துக்கு மல்லிப்பூ போடுகிற குடும்பம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு காசிமேட்டில் வயர்லெஸ் பெட்டி, போட்டு லைட்டெல்லாம் ரிப்பேர் பண்ணுகிற கடையில் வேலைக்கு இருந்தாள். என் தம்பி மணிக்கு ஒரே வயர்லெஸ் பெட்டி ஒரே மாதத்தில் மூன்று வாட்டி கெட்டுப்போனது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலாவது வாட்டி அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் எங்களுக்குள் சண்டை வந்தால், அந்த ஒரு நாள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குப்பமும் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் வரி பிரிக்க வருகிறவர்கள் அவள் வீட்டுக் கதவை மட்டும் தட்டாமல் தாண்டிப் போவார்கள். வரி கேட்கவில்லை என்றால் மிச்சம் என்று சும்மா இருக்கலாம் இல்லையா? இவள் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அவர்களை மறித்தாள். "ஏன், எங்க வூடு இந்தத் தெருவுல இல்லியா? எங்களை எண்ண மாட்டீங்களா?" என்று நடுத்தெருவில் கேட்டாள். வரி வாங்க மாட்டேன் என்று சொல்கிறவனை நான் பார்த்ததில்லை, வாங்கியே தீர வேண்டும் என்று சண்டை போடுகிறவளையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பால அவர்கள் தாண்டிப் போனதில்லை.

பிள்ளை பிறந்த பிறகு கடை வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து பித்தளைக் கம்பியில் சின்னச் சாமான்கள் செய்ய ஆரம்பித்தாள். விரல் நீள ஆட்டோ, ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள், எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரி. லாரி முன்னால் இருக்கிற ஜன்னல் கம்பி மாதிரியான கிரில்லைப் பார்த்தால் நெல்மணி நெல்மணியாக இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் மேலே ஒரு பொட்டு ஈயம், கீழே ஒரு பொட்டு ஈயம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவள் அதைச் செய்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு ரத்தம் கொதிக்கும்.

ஏனென்றால் இந்தக் கம்பியை ஒட்டி முடிக்கிறதற்குள் பக்கத்தில் ஒட்டியது கழன்று விழும். அதை எடுத்து ஒட்டினால் இது சாயும். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "தூக்கிக் கடல்ல போடுடி அந்த சனியன," என்றேன். அவள் சிரித்தாள்.

"சூட்டுக்கு இது ஆரு, அது ஆருன்னு தெரியாது அண்ணி. பித்தளை முழுக்க ஓடும். நாமதான் பார்த்துக்கணும்."

எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்றால், வரிசையாக ஒட்டிக்கொண்டு போக மாட்டாள். இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. இது ஆறுகிறதற்குள் அது. அப்படியே இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு வருவாள். ஏற்கெனவே ஒட்டிய கம்பியின் அடியைச் சுற்றி ஈரப் பஞ்சை வைத்துவிடுவாள், சூட்டை அது குடித்துக்கொள்ளும். ராடை வைத்தால் வைத்த கையோடு எடுத்துவிடுவாள். நெருக்கம் அதிகமானால் இத்தனையும் செய்தாலும் விழும்.

காணாமல் போனவர்களுக்காகச் செய்த படகு என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. பழைய பித்தளைத் தாம்பாளத்தை வெட்டி, நீளவாக்கில் வளைத்து, முன்னால் அணியமும் பின்பக்கமும் சேர்த்து, மேலே தட்டையாக ஒரு தகடு. அதில் ஆட்கள் நிற்க வேண்டும். கம்பியை வளைத்து இரண்டு கால், இரண்டு கை, தலைக்கு ஒரு உருண்டை. ஆளுக்கு இவ்வளவுதான். ஆனாலும் கோதண்டத்துக்கு மறக்காமல் தொப்பை வைத்திருந்தாள், பாவி.

போட்டு முதலாளி ஆறுமுகநயினார் அன்றைக்கு மத்தியானம் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியபோது கியர் பெட்டி உடைந்துவிட்டது, காற்று வடக்கே தள்ளுகிறது என்று கோதண்டம் சொன்னாராம். அதோடு சரி, அப்பால சத்தமில்லை.

யசோதரா கையில் பென்சிலோடு கேட்டாள். "மொத்தம் எத்தினி பேரு போனாங்க நைனா?"

"ஏழு பங்கும்மா."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. பிடித்து வருகிற மீனில் பங்கு வாங்குகிறவர்கள் எத்தனை பேரோ, போட்டுக்கு அத்தனை ஆள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் எண்ணுகிறோம்.

"ஏழு பங்குன்னா ஏழு ஆளா?" என்று அவள் விடாமல் கேட்டாள்.

"பின்ன, பங்குக்குப் பாதி ஆளா போவான்?" என்று நான்தான் எரிந்து விழுந்தேன்.

"இல்ல அண்ணி. கெளம்பற அன்னிக்கு நான் சோத்து டப்பா குடுக்கப் போனேன். ஒரு பெரியவரு ஐஸ் வாரிக் கொட்டிகினு இருந்தாரு, தெலுங்குல பேசிகினு. அவரும் உள்ள ஏறினா மாதிரி கீது."

"அவரு கூலி ஆளும்மா," என்றார் ஆறுமுகநயினார். "ஸ்ரீகாகுளத்துக்காரரு. ஐஸ் ரூம் வேலைக்கு ஏறினாரு. அவர எதுக்கு இதுல சேத்துகினு." அதற்குள் அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

யசோதரா பித்தளைத் தகட்டைப் பார்த்தாள். ஏழு என்று கேட்டதுமே ஏழு புள்ளி வைத்துவிட்டிருந்தாள். நடுவில் ஒரு நூல் இடைவெளி. எட்டாவது புள்ளிக்குப் பென்சிலைக் கொண்டுபோனாள், முனை தகட்டில் படவே இல்லை.

"இதுக்கு மேல நெருக்கினா ஒன்னும் நிக்காது," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை.

ஒட்ட ஆரம்பித்தாள். விஷயம் தெருவுக்குத் தெரிந்துபோய், சன்னலுக்கு வெளியே பொம்பளைகள் கூடிவிட்டார்கள். திட்ட வந்தவர்கள், திட்டிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார்கள். அவரவர் ஆள் எது என்று பார்க்க வேண்டுமே. அணியத்தில் ஒருவர், பின்னால் ஒருவர். பிறகு அதற்குப் பக்கத்தில், இதற்குப் பக்கத்தில். ஈயம் பிடிக்கத் தடவுகிற பேஸ்ட் எரிகிற புகை என் கண்ணைக் கரித்தது. ஆறாவது ஆளை ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த கோதண்டம் மெல்லச் சாய்ந்து, டிங் என்று தகட்டில் விழுந்தார்.

அம்மாடி! வரலட்சுமி போட்ட சத்தம் இருக்கிறதே, காசிமேட்டுக்குக் கேட்டிருக்கும். "என் புருஷன தள்ளிட்டாளே! என் தாலிய அறுத்துட்டாளே!" என்று சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு பேர் உள்ளே வந்து படகைப் பிடுங்கப் பார்த்தார்கள். யசோதரா மட்டும் ஆறாவது ஆள் மேல் வைத்த ராடை எடுக்கவில்லை. ஈயம் பிடிக்கிற வரைக்கும் வைத்திருந்துவிட்டு, ஊதி ஆற வைத்துவிட்டு, அப்புறம் கோதண்டத்தை எடுத்துக் காலைத் துடைத்து, திரும்ப நிறுத்தினாள்.

"தோ நிக்கிறாரு பாருங்கக்கா. ஈயம்தான் எளகிச்சு. உங்க வூட்டுக்காரரு இல்ல," என்றாள்.

ஏழாவதாக ஒரே ஒரு ஆள் பாக்கி. நடு இடம். அது மணி. ஏன் இவனைக் கடைசியில் வைத்தாய் என்று கேட்டேன். எல்லோரும் போகட்டும் என்று பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் சொன்னாள்.

"முன்னாடி வெக்கிறது அல்லாத்து சூட்டையும் தாங்கணும் அண்ணி. கடைசியா வெக்கிறதுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. அதுக்கப்புறம் பக்கத்துல ஆரும் ராடு வெக்க மாட்டாங்க. அதான் கெட்டியா நிக்கும்."

எனக்கு மெர்சலாகிவிட்டது. அம்மனைத் தெரியாது, சும்மா கைவேலை என்றவள், புருஷனுக்குப் படகிலேயே பத்திரமான இடத்தைப் பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறாள்! "அடி கள்ளி," என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தம்பி அவன். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இரண்டு பேரும் அந்தப் பித்தளைப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு அழுதோம்.

அதன் பிறகு போன நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மீன் கூடையைத் தொடவில்லை. ஆபீசர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லார் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்துகூட வந்து இறங்கினார்கள். தெருவில் அடுப்பு எரியாத வீடுகளுக்கு அடுத்த தெருவிலிருந்து சோறு வந்தது. ஒரு நாள் விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் ஆறுமுகநயினார் வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடி வந்தார். "ஆப்ட்டுச்சு! போட்டு ஆப்ட்டுச்சு! நெல்லூர்ப் பக்கத்துப் போட்டு ஒன்னு கயிறு கட்டி இஸ்துகினு வருது! அல்லாரும் உசுரோட கீறாங்க!" நான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

காசிமேட்டில் கூட்டம் நெரிந்தது. போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடிவாங்கின நாய் மாதிரி மெல்ல வந்து சேர்ந்தது. கோதண்டம் இறங்கினார், தொப்பை பாதியாகிவிட்டது. ஒவ்வொருத்தராக இறங்க இறங்க, அவரவர் வீட்டுப் பொம்பளைகள் பாய்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். மணி இறங்கினான். யசோதரா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. நான்தான் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினேன்.

ஏழு பேரும் இறங்கிய பிறகு எட்டாவதாக ஒருவர் இறங்கினார்.

அறுபதுக்குப் பக்கம் இருக்கும். மெலிந்த உடம்பு. இடுப்பில் கோணி சுற்றியிருந்தார். முதுகுத்தோல் தண்ணீரில் ஊறி வெளுத்து, அங்கங்கே உரிந்திருந்தது. அவரைக் கட்டிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு ஓரமாகப் போய் நின்றார்.

"அவர பாருக்கா," என்றான் மணி. "அப்பலராஜு. ஐஸ் ரூம்ல பலகை வுட்டுப்போச்சு. தண்ணி பொத்துகினு வந்துது. இவரு கோணியையும் தன் லுங்கியையும் வெச்சு அடைச்சு, முதுக அதுமேல குடுத்துகினு குந்திட்டாரு. நாங்க மேல தண்ணி எறைச்சிகினு இருந்தோம். மாத்தி குந்தறேன்னா எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. எந்திரிச்சா அடைப்பு போயிடும்னு. அவரு இல்லேன்னா நாங்க இல்லக்கா."

நான் யசோதராவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்தப் பெரியவர் மெல்ல என்னிடம் வந்தார். என் கையிலிருந்த போனைக் காட்டி, "அம்மா, ஒருவாட்டி குடு. இன்ட்டிக்கு… வூட்டுக்கு பேசணும்," என்றார். அவர் போன் தண்ணீரில் போய்விட்டதாம். நம்பரை மனப்பாடமாகச் சொன்னார், நான் போட்டுக் கொடுத்தேன். மார்க்கெட்டில் பழகிய தெலுங்கு எனக்குக் கொஞ்சம் வரும். அந்தப் பக்கம் அவர் மனைவி. என்ன கேட்டாள் தெரியுமா? இந்த வாட்டி மீன் எப்படி என்று கேட்டாள். அவர் குறைச்சல் என்றார். போன் கெட்டுவிட்டது என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஏழு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பழவேற்காட்டிலிருந்து சொந்தம் வந்து அழுதது. இந்த மனுஷன் வீட்டில் மட்டும் தினமும் சமைத்திருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், தூங்கியிருக்கிறார்கள். அவர் காணாமல் போனதே அவர் வீட்டுக்குத் தெரியாது! முதலாளி சொல்லவில்லை. ஆபீசர்களிடம் கொடுத்தது ஏழு பேரின் பெயர்தான். நாங்களும் சொல்லவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. இத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும்!

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், செய்து வைத்த ஏழு பொம்மையோடேயே படகைக் கட்டினோம். மேளம் வைத்தோம். ஏழு குடும்பமும் புதுத்துணி. மணி போய் அப்பலராஜுவையும் கூட்டிவந்திருந்தான், தன்னுடைய சட்டையையே அவருக்குப் போட்டுவிட்டு. பூசாரி படகை உத்திரத்தில் கட்டியதும் ஆம்பளைகள் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார்கள். "டேய், தோ நானு!" "தொப்பைய பார்றா, அண்ணனேதான்!" ஒரே சிரிப்பு. கோதண்டம் தன் பொம்மையைப் பார்த்துத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அப்பலராஜுவும் அண்ணாந்து பார்த்தார். அணியத்திலிருந்து பார்வை மெல்ல நகர்ந்து பின்பக்கம் வரைக்கும் போனது. திரும்ப அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தது. உதடு அசைந்தது. எண்ணுகிறார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். மேளக்காரனும் நிறுத்திவிட்டான். அவர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொம்ப பாக… நல்லா இருக்கு அம்மா. எடம் லேது இல்ல? பரவால்ல," என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது. படகில் இடம் இல்லை என்று அவரே எங்களுக்குச் சாக்கு சொல்லிக் கொடுக்கிறார்!

பூசாரி ஏறி நின்று கட்டிய முக்காலியை யசோதரா இழுத்தாள். ஏறினாள். கட்டிய படகை அவிழ்த்தாள். பூசாரி "ஏ, ஏ" என்று பதறினார். அம்மனுக்குக் கட்டியதை அவிழ்த்தவர்கள் எங்கள் குப்பத்தில் கிடையாது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அடியே எறங்கு! தோஷம்டி!"

"ஆள கொறைச்சுக் கட்டினா தோஷம் இல்லியா அண்ணி?"

"சரிடி, நம்ம ஆளுங்கள காப்பாத்தினாரு, அவருக்கும் ஒன்னு தனியா செஞ்சு…"

"காப்பாத்தினதுக்காக இல்ல," என்று அவள் கத்தினாள். அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "போட்டுல போனாரு அண்ணி. அதுக்குத்தான். அவரு சும்மா குந்திகினு வந்திருந்தாலும் அவரு எட்டாவது ஆளு. எனக்கு அன்னிக்கே தெரியும். எடம் இல்லன்னு வுட்டுட்டேன். என்னை எண்ணலன்னு தெருவுல நின்னு சண்ட போட்டவ நானு."

படகை எடுத்துக்கொண்டு அவள் நடக்க, மேளம் இல்லாமல் மொத்தக் கூட்டமும் அவள் வீட்டுக்குப் போனது. ராடைச் சூடு பண்ணினாள். கம்பி வளைத்தாள். முதுகை மட்டும் கொஞ்சம் கூன் போட்ட மாதிரி வளைத்தாள். எங்கே வைப்பது? எங்கே வைத்தாலும் நெருக்கம்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மணிக்குப் பக்கத்தில் இருந்த நூல் இடைவெளியில் அவரை நிறுத்தினாள்.

மணி பொம்மையின் கால்மேல் ஈரப் பஞ்சு வைத்தாள். பேஸ்ட் தடவினாள். ராடை வைத்தாள். பஞ்சு சுர் என்று காய்ந்தது. அது போதாது என்று எனக்கே தெரிந்தது. "எடுடி, எடுடி," என்று என் வாய் முணுமுணுக்கிறது. அவள் எடுக்கவில்லை. மணியின் பொம்மை லேசாக ஆடியது. சாய்ந்தது. டிங்.

வரலட்சுமி மாரில் அடித்துக்கொண்டாள். புருஷனுக்கென்று பத்திரமாக ஒதுக்கிய இடம், அவள் கையாலேயே போய்விட்டது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ராடு மட்டும் அசையவில்லை. அப்பலராஜுவின் காலில் ஈயம் ஓடிப் பிடிக்கிற வரைக்கும் பிடித்திருந்தாள்.

மணிதான் குனிந்து தன் பொம்மையை எடுத்தான். "இன்னாத்துக்கு கத்திகினு கீறீங்க? நான் தோ முழுசா நிக்கிறேன்," என்று அதை அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கிப் பழைய இடத்தில் வைக்கவில்லை. அப்பலராஜுவின் காலோடு கால் ஒட்ட நிறுத்தி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஈயமாக விட்டாள். ஆறியதும் விரலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"தனித்தனியா நிக்க வெச்சாதான் ஒன்னு சூட்டுல ஒன்னு கழலும்," என்றாள். "இனிமே வுழுந்தா ரெண்டு பேரும் ஒன்னாதான் வுழுவாங்க."

அப்பலராஜு படகைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் போனைக் கேட்டார். படம் எடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே அவர் மனைவி கூப்பிட்டாள். இது என்ன படகு, சாமிப் படகில் உன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், யசோதராவைப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார். கியர் பெட்டி உடைந்தது, காற்று தள்ளியது, பலகை விட்டது, எல்லாவற்றையும் மெல்லச் சொன்னார்.

போனுக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. "ஒக்க மாட்ட செப்பலேதே! ஒக்க மாட்ட செப்பலேதே!" ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அந்தப் பொம்பளை கதறினாள். தெலுங்கு தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. எங்கள் தெருவில் ஏழு வீடும் அழுது ஓய்ந்த அதே அழுகை, ஒரு வீட்டுக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்தது. வரலட்சுமி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். யசோதரா ராடின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் போனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.